நரைக்குத் திரை தேவையா?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குப் போகும் பெண்கள் தவறாமல் போய் நிற்கும் இடம் ஒன்று உண்டு. அதுதான் கண்ணாடிக் கிணறு! வடபத்ரசாயிப் பெருமாளுக்காகப் பெரியாழ்வார் தொடுத்து வைத்த மாலையைக் கோதை நாச்சியார் முதலில் தான் சூடிக்கொண்டு, 'அவனுக்கு நான் ஏற்றவளாக இருக்கிறேனா?' என்று இந்தக் கிணற்றுத் தண்ணீரில் தன்னைப் பார்த்துக்கொண்டாள் என்கிறது தல வரலாறு.

அங்கே வந்ததும் நம் கை தானாகவே தலைக்குப் போய்விடுகிறது. கலைந்த முடியை ஒதுக்கிக்கொள்கிறோம். பூவைச் சரிசெய்துகொள்கிறோம். நாற்பதைத் தாண்டிய பெண்கள் இன்னொன்றும் செய்வதைக் கவனித்திருக்கிறேன். வகிட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். சாயம் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தால் வேரில் ஒரு வெள்ளைக் கோடு எழும்பியிருக்கும். அதுவும் எங்கே? சரியாகக் குங்குமம் வைக்கிற இடத்தில்!

'வெள்ளிக்கிழமை தலைக்குச் சாயம் போடலாமா? ஏகாதசியன்று கூடாதா? ஹோமத்தில் உட்காருவதற்கு முன் போட்டுக்கொண்டால் தோஷமா?' என்றெல்லாம் சகோதரிகள் கேட்பதுண்டு. இதற்கெல்லாம் அவரவர் வீட்டு வழக்கப்படி பெரியவர்களே பதில் சொல்லிவிடுவார்கள். ஆனால், இந்தக் கேள்விகளுக்கு அடியில் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. நரையை மறைப்பது பொய்யா? பொய் என்றால், அந்தப் பொய்யோடு சந்நிதியில் போய் நிற்கலாமா?

இதை என்னிடம் நேருக்கு நேர் கேட்டவர், ராஜபாளையத்தில் இருக்கும் என் சித்தி.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். வெள்ளிக்கிழமை காலையில் சமையலை முடித்து மூடிவைத்துவிட்டு பஸ் ஏறுவார் சித்தி. நாச்சியாரைச் சேவித்து, கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு, சித்தப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதற்குள் வீட்டில் இருப்பார். சித்திக்கு 38 வயதிலேயே முன்நெற்றி நரைத்துவிட்டது. அவருடைய அம்மாவுக்கும் அப்படித்தான். அன்று தொடங்கிய சாயம், 14 வருஷம் ஓடியது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, சித்தப்பா மில்லுக்குக் கிளம்பிய பிறகு, கொல்லைப்புறத்தில் பழைய நைட்டியும் பழைய பிரஷ்ஷுமாக உட்கார்ந்துவிடுவார். "உங்க சித்தப்பாவுக்கே பல வருஷம் தெரியாதும்மா!" என்று சொல்லிச் சிரிப்பார்.

முதலில் காது மடலில் லேசாக அரித்தது. வெயில் என்று நினைத்தார். அப்புறம் நெற்றியில் தடிப்பு. பூசுகிற குங்குமம் சரியில்லை என்று கடையை மாற்றினார். நாத்தனார் மகன் கல்யாணத்துக்கு முந்தின நாள் வழக்கம்போலப் போட்டுக்கொண்டார். மறுநாள் விடிந்தபோது இரண்டு இமையும் வீங்கி, கண்ணைத் திறக்க முடியவில்லை. தாலி கட்டுகிற நேரத்தில் சித்தி மண்டபத்தில் இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்தார். "சாயம் உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இனி ஒரு துளிகூடப் படக்கூடாது. ஒருமுறை இப்படி ஆகிவிட்டால் உடம்பு அதை மறக்காது" என்றார் தோல் டாக்டர்.

சித்தி மருதாணிக்கு மாறினார். அது ஒன்றும் சுலபமாக நடந்துவிடவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். மாறிய பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. "இத்தனை வருஷம் ஆண்டாளுக்கு முன்னாடி பொய்த் தலையோட நின்னிருக்கேனேம்மா... அது பாவமா?"

சட்டென்று 'அதெல்லாம் ஒன்றுமில்லை சித்தி' என்று சொல்லிவிடலாம். ஆனால் 14 வருஷம் மனதில் முள்ளாகக் கிடந்த கேள்விக்கு அது பதிலாகாது. அதனால் நான் படித்த தமிழையும், கேட்ட தலபுராணங்களையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன்.

முடியைப் பற்றிய பொய் ஒன்று நம் திவ்ய தேசங்களிலேயே புகழ் பெற்றது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் திருக்கண்ணபுரம் இருக்கிறதல்லவா? பெருமாளுக்குச் சாத்திய மாலையை அர்ச்சகர் ராஜாவுக்குப் பிரசாதமாகக் கொடுத்தார். அந்த மாலையில் நீளமாக ஒரு முடி! அந்த மாலை அர்ச்சகரின் அன்புக்குரிய ஒரு பெண்ணின் தலையில் இருந்துவிட்டு வந்தது. ராஜா முறைத்துப் பார்க்க, நடுங்கிப்போன அர்ச்சகர், "அது பெருமாளின் திருமுடி" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். மறுநாள் ராஜா சோதிக்க வந்தபோது, பக்தனைக் காப்பாற்றுவதற்காகப் பெருமாள் உண்மையிலேயே முடி வளர்த்துக்கொண்டு காட்சி கொடுத்தார். அதனால்தான் அவருக்குச் சௌரிராஜன் என்று திருநாமம்.

பொய் சொன்னவரைப் பெருமாள் தண்டிக்கவில்லை. அதற்காகப் பொய் நல்லது என்று ஆகிவிடாது. பயத்தில் ஒருவர் சொல்லுகிற பொய்யை அவன் எப்படிப் பார்க்கிறான் என்பதற்கு அந்தக் கோயில் சாட்சி. சித்தியின் 14 வருஷச் சாயத்தையும் நான் அந்தக் கணக்கில்தான் வைப்பேன். அவர் யாருடைய சொத்தையும் அபகரிக்கவில்லை. வயதைக் குறைத்துச் சொல்லி யாரையும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 'அக்காவும் தம்பியும் மாதிரி இருக்கீங்களே' என்று ஒரு விசேஷ வீட்டில் யாரோ சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு வார்த்தை... அதற்குப் பயந்தார். அவ்வளவுதான்!

வாய்மைக்கு இலக்கணம் சொல்ல வந்த வள்ளுவரே, பிறருக்குத் தீமை தராத சொல்தான் வாய்மை என்று மென்மையாகத்தான் சொல்கிறார். அவர் கடுமையாகப் பேசும் இடம் வேறு. கூடாவொழுக்கம் என்ற அதிகாரத்தில், உலகம் பழிக்கிற செயலை விட்டுவிட்டால் மொட்டையும் வேண்டாம், சடையும் வேண்டாம் என்று முடித்துவிடுகிறார். முடியை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதை அவர் ஒழுக்கத்தின் அளவுகோலாக வைக்கவில்லை.

நரையைப் பொய்யாகப் பூட்டிக்கொண்ட ஒரு மகாராஜாவும் நமக்கு உண்டு. சின்ன வயதில் பட்டத்துக்கு வந்தவன் கரிகால் சோழன். வழக்கு ஒன்றைக் கொண்டுவந்த இரண்டு முதியவர்கள், 'இந்தச் சின்னப் பிள்ளையா நமக்கு நியாயம் சொல்லப்போகிறான்?' என்று தயங்கினார்கள். அதைப் புரிந்துகொண்ட கரிகாலன் உள்ளே போய், நரைமுடி வைத்துக் கிழவர் வேடத்தில் வந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னான். பழமொழி நானூறு சொல்லும் கதை இது. இளமையை மறைத்தவனை நாம் நீதிமான் என்று கொண்டாடுகிறோம். முதுமையை மறைக்கிற வீட்டுப் பெண்ணை மட்டும் 'இந்த வயசுல என்ன ஷோக்கு?' என்று கேட்கிறோம்!

புறநானூற்றில் பிசிராந்தையாரின் பாட்டு ஒன்று இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். இவ்வளவு வயதாகியும் உங்களுக்கு ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன காரணங்களில் முதலாவது, தன் மனைவி குணத்தில் சிறந்தவள் என்பது. எவ்வளவு பெருமையான பதில்! ஆனால், அந்த அம்மையாருக்கு நரைத்திருந்ததா, அதற்கு யார் காரணம் என்று ஒருவரும் கேட்டு வைக்கவில்லை.

சரி, நரையை மறைப்பது பாவமில்லை என்றால் மறைத்துக்கொண்டே இருந்துவிடலாமா? இங்கேதான் தசரதர் குறுக்கே வருகிறார்.

கம்பராமாயணத்தில் மந்திரப் படலத்தில் வரும் காட்சி இது. தசரத சக்கரவர்த்தியின் காதோரத்தில் ஒரே ஒரு முடி நரைக்கிறது. 'அரசை மகனிடம் கொடுத்துவிட்டுத் தவத்துக்குப் போகும் வேளை வந்துவிட்டது' என்று காதில் ரகசியம் சொல்ல வந்ததுபோல் அந்த நரை வந்தது என்கிறார் கம்பர். காளிதாசரும் ரகுவம்சத்தில் இப்படியே பாடியிருக்கிறார். சக்கரவர்த்திக்கு அன்று ஒரு பாக்கெட் சாயம் கிடைத்திருந்தால் ராமாயணமே நடந்திருக்காதே என்று நான் வேடிக்கையாகச் சொல்ல, சித்தி சிரிக்கவில்லை. "எனக்கும் அது ஏதோ சொல்ல வந்திருக்கும். நான்தான் கேட்கவிடாம அடிச்சுட்டேன்" என்றார்.

சித்தி சொன்ன அந்த வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். பொய் பிறருக்குச் சொல்வது. இது அதுவல்ல. தனக்கு வந்த செய்தியைத் தானே கேட்காமல் இருப்பது. அரிப்பாக வந்தபோதும் அவர் கேட்கவில்லை, தடிப்பாக வந்தபோதும் கேட்கவில்லை. கண் மூடிப்போன பிறகுதான் காது திறந்தது.

சாயம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம். 'நிரந்தர' சாயம் என்று விற்பதில் இரண்டு பகுதி இருக்கும். ஒன்றில் பெரும்பாலும் அம்மோனியா. முடியின் மேல் ஓட்டுச் செதில்போல் மூடியிருக்கும் பகுதியை அது திறந்துவிடுகிறது. கூடவே பாரா ஃபெனிலீன் டையமின், சுருக்கமாக பி.பி.டி. என்கிற ரசாயனம் உள்ளே நுழைகிறது. இரண்டாவது பகுதி ஹைட்ரஜன் பெராக்சைடு. அது முடியின் சொந்த நிறத்தை வெளுக்கவும் செய்யும். உள்ளே போன ரசாயனங்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கறுப்பாக்கி, வெளியே வரமுடியாதபடி பூட்டவும் செய்யும். ராஜபாளையம் பக்கத்தில் சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி நெய்கிறார்களே, தறியிலிருந்து இறங்கும்போது அது மங்கலான மஞ்சளாகத்தான் இருக்கும். வெளுத்த பிறகுதான் அந்தப் பளிச் வெள்ளை. பருத்தித் துணியை வெளுக்கப் பயன்படும் சரக்குகளில் இந்தப் பெராக்சைடும் ஒன்று! 1907-இல் பாரிஸில் யூஜின் ஷூலர் என்கிற ரசாயன நிபுணர் இந்த மாதிரிச் சாயத்தைத் தயாரித்து முடிதிருத்தும் கடைகளுக்கு விற்கத் தொடங்கினார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அடிப்படைச் சரக்கு பெரிதாக மாறவில்லை.

எல்லோருக்கும் இது ஒத்துக்கொள்ளாமல் போய்விடாது. நிறையப் பேர் வருஷக்கணக்காக ஒன்றும் ஆகாமல் போட்டுக்கொள்கிறார்கள். புற்றுநோய் வரும் என்று சிலர் பயமுறுத்துவதும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2008-இல் இதைப் பரிசீலித்தது. தொழிலாகத் தினமும் இவற்றோடு வேலை செய்யும் முடிதிருத்துவோருக்கு ஆபத்து இருக்கக்கூடும் என்றும், தங்கள் தலைக்குப் போட்டுக்கொள்கிறவர்களைப் பொறுத்தவரை முடிவு சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றும் அது வகைப்படுத்தியது. ஆக, சித்தியைப் போல உடம்பு மறுத்துவிட்டவர்கள்தான் உடனே நிறுத்தியாக வேண்டியவர்கள்.

மருதாணியின் கதையே வேறு. அந்த இலையில் லாசோன் என்று ஒரு நிறப்பொருள், எடையில் நூற்றுக்கு 1 அல்லது 2 பங்குதான். அது முடியின் செதிலைப் பிளப்பதில்லை. முடியில் இருக்கும் புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது. கறுப்பு முடியில் அது இருப்பதே தெரியாது. வெயிலில் நின்றால் லேசாகச் செம்மினுக்கு, அவ்வளவுதான். வெள்ளை முடியில்தான் அது செம்பாகவும் ஆரஞ்சாகவும் ஒளிர்கிறது.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்களேன். நரை இருந்தால்தான் மருதாணிக்கு வேலை. எந்த முடி நரைத்ததோ அந்த முடிதான் சிவக்கும். எதிரில் வருகிறவர் பார்த்ததும், 'இந்த அம்மாவுக்கு நரைத்திருக்கிறது, மருதாணி போட்டிருக்கிறார்' என்று தெரிந்துவிடும். யாரும் ஏமாறுவதில்லை. சாயம் நரையை இல்லையென்று சொல்லுகிறது. மருதாணியோ நரைக்குப் பூச்சூட்டுகிறது. சித்தியிடம் இதைத்தான் சொன்னேன். அலங்காரத்துக்கும் மறைப்புக்கும் எல்லை எங்கே என்று கேட்டால், என் சிற்றறிவுக்கு எட்டியவரை அது இங்கேதான் இருக்கிறது. யாராவது திடீரென்று பார்த்துவிட்டால் நாம் வகிட்டை மூடிக்கொள்கிறோமா, இல்லையா?

இந்த வித்தியாசத்தை முஸ்லிம் சகோதரிகளின் மரபும் நுட்பமாகப் பார்த்திருக்கிறது. மக்கா நகரம் நபிகள் நாயகத்தின் வசமான நாளில், அபூபக்கரின் வயதான தந்தை தும்பைப்பூவாக வெளுத்த தலையோடு அழைத்து வரப்பட்டாராம். 'இதன் நிறத்தை மாற்றுங்கள், கறுப்பை மட்டும் தவிர்த்துவிடுங்கள்' என்று நபிகள் நாயகம் சொன்னதாக ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. தாடியில் மருதாணி போட்ட பெரியவர்களை நாம் பார்த்திருக்கிறோமே, அதற்குப் பின்னால் இப்படி ஒரு சிந்தனை!

நம் வீடுகளில் மருதாணி என்றாலே மங்கலம். மகாலட்சுமி வாசம் செய்யும் செடி என்பார்கள். அசோகவனத்தில் சீதாதேவி தன் துயரத்தைச் சொல்லி அழுதபோது காது கொடுத்துக் கேட்டது மருதாணிச் செடிதான், அதற்காகத் தேவி அதற்கு வரம் கொடுத்தாள் என்று பாட்டிமார் சொல்லும் கதை ஒன்று உண்டு. வால்மீகியில் தேடினால் கிடைக்காது. ஆனால் கொல்லையில் தனியாக உட்கார்ந்து தலையில் அரைத்துப் பூசிக்கொள்ளும் எந்தப் பெண்ணுக்கும் அந்தக் கதை பொய்யாகத் தோன்றாது.

இப்போது அந்தச் சுலபமில்லாத பகுதிக்கு வருகிறேன். சித்தி முதலில் வாங்கியது அரைத்த இலையல்ல. கடையில் 'ஹெர்பல்' என்றும் 'கறுப்பு மெஹந்தி' என்றும் எழுதி, பச்சை இலைப் படம் போட்ட பாக்கெட். அரை மணி நேரத்தில் தலை கறுத்தது. 'மருதாணிக்கு இவ்வளவு சக்தியா!' என்று மகிழ்ந்தார். இரண்டாம் நாள் அதே வீக்கம், அதே ஆஸ்பத்திரி. டாக்டர் பாக்கெட்டைக் கொண்டுவரச் சொல்லி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினார். பி.பி.டி. அங்கேயும் இருந்தது.

14 வருஷமாகத் தன்னைப் பொய்க்காரி என்று எண்ணிக் குமைந்த சித்தி, அன்றுதான் கோபப்பட்டார். "நான் என் தலையைத்தான் மறைச்சேன். இவன் இலைப் படத்தைப் போட்டு எதை மறைச்சான்?" பாவம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

எனவே சகோதரிகளே, ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுத்தமான மருதாணி கறுப்பைத் தராது. அதன் பொடி பச்சையாக இருக்கும், காய்ந்த இலை வாசனை அடிக்கும், நிறம் பிடிக்க மணிக்கணக்கில் ஆகும். சில நிமிஷத்தில் கறுக்கிறது என்றால் அதில் வேறு எதுவோ கலந்திருக்கிறது. நம் நாட்டுச் சட்டப்படி இத்தகைய சாயங்களின்மேல், தோலில் எரிச்சல் உண்டாகலாம், முன்னதாகச் சோதித்துப் பார்க்க வேண்டும், புருவத்துக்கும் இமை முடிக்கும் போடக்கூடாது, போட்டால் பார்வை போகக்கூடும் என்ற எச்சரிக்கை அச்சிட்டிருக்க வேண்டும். இலைப் படத்தைப் பார்க்கிற கண், இதையும் பார்க்க வேண்டும்.

இயற்கை என்பதால் மருதாணிக்கு ஆபத்தே இல்லை என்றும் நினைத்துவிடக்கூடாது. ரத்த அணுக்களில் ஜி.6.பி.டி. என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு உள்ளங்கை, உள்ளங்கால் என்று மருதாணி அப்பினால் ரத்த அணுக்கள் சிதைந்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. பாட்டிக்குத் தலையில் வைக்கும்போது பேரப்பிள்ளைக்கும் ஒரு பொட்டு என்று ஆசையாக வைத்துவிடாதீர்கள். சளி, தலைபாரம் உள்ளவர்கள் மார்கழிக் குளிரில் மணிக்கணக்காக ஈரத் தலையோடு உட்காருவதும் வேண்டாம்.

சித்தி இப்போது செய்வது இதுதான். இலையை நிழலில் உலர்த்தி இடித்துச் சலித்த பொடி. தேயிலை டிகாக்ஷனில் கலந்து இரும்புச் சட்டியில் முதல் நாள் ராத்திரி ஊற வைக்கிறார். இரும்பில் ஊறினால் நிறம் கொஞ்சம் அடர்த்தியாகும். காலையில் பூசி, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரில் அலசுகிறார். கறுப்பு வேண்டுமென்றால் அதற்குமேல் அவுரிப் பொடி. வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து உடனே பூசிவிட வேண்டும். மருதாணிச் சிவப்பின்மேல் அவுரியின் நீலம் ஏறினால், கறுப்பை ஒட்டிய பழுப்பு வரும். துணிக்கு நீலச் சாயம் ஏற்ற நம் முன்னோர் பயிரிட்ட அதே அவுரிதான்.

'அவுரி போட்டுக் கறுப்பாக்கினால் அதுவும் மறைப்புத்தானே?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆமாம், மறைப்புத்தான்! நான் இதில் கறார் பேசப்போவதில்லை. உடம்பைப் புண்ணாக்காத மறைப்பு, யாரையும் ஏமாற்றிப் பறிக்காத மறைப்பு. வருஷத்தில் ஒருநாள், ஒரு விசேஷத்துக்காக ஒரு பெண் ஆசைப்பட்டால் அதைக் கணக்கெடுக்க ஆண்டாள் உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் நடுவில் இருந்த அந்த மாதங்களைச் சொல்லியாக வேண்டும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான் வளரும். சித்திக்கு இடுப்பு வரை முடி. பழைய சாயம் ஏறிய பகுதி வெட்டினாலொழியப் போகாது. மேலே செம்பு, கீழே மைக்கறுப்பு, நடுவில் எல்லைக்கோடு மாதிரி ஒரு பட்டை. எதிர்வீட்டு அம்மா, "உடம்பு சரியில்லையாக்கா?" என்றார். மில் குடியிருப்பில் ஒருவர், "பிள்ளைங்க கவனிக்கிறதில்லையோ?" என்றார். ஒரு பெண்ணின் தலை நரைத்தால் நோய் என்கிறார்கள், இல்லையென்றால் பிள்ளைகள்மேல் குறை என்கிறார்கள். வயது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. சித்தப்பா என்ன சொன்னார் தெரியுமா? நாலு மாதம் ஒன்றுமே சொல்லவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "உங்க அம்மா மாதிரியே இருக்க" என்றாராம். அது பாராட்டா, குறையா என்று சித்தி இன்றுவரை கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் எங்களிடம் நாலைந்து முறை சொல்லிவிட்டார்!

வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவதைச் சித்தி மூன்று மாதம் நிறுத்தியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பஸ்ஸில் எல்லோரும் தலையைப் பார்ப்பார்கள் என்று கூச்சம். அந்த மார்கழியில்தான் நானே பிடிவாதமாக அழைத்துப் போனேன். நீராட்டு உற்சவத்தில் நாச்சியாருக்கு எண்ணெய்க் காப்பு நடந்துகொண்டிருந்தது. பல மூலிகைகள் சேர்த்துக் காய்ச்சிய தைலம். நாச்சியாரின் திருமுடியைக் கோதி, சிக்கெடுத்து, தைலம் தொட்டு வைத்து, அந்தப் பக்கவாட்டுக் கொண்டையை முடிந்து பூச்சூட்டுகிறார்கள். பிள்ளைக்குத் தலைவாரிவிடும் அம்மாவுக்கு இருக்கிற பொறுமை அதில் இருக்கிறது. பெண்ணின் தலைமுடிக்கு இத்தனை மரியாதை தருகிற உற்சவம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அவள் சூடிய மாலையில் ஒட்டியிருந்த ஒரு முடியைப் பார்த்துத்தான் பெரியாழ்வார் பதறினார் என்று சொல்வார்கள். 'அசுத்தமாகிவிட்டதே!' என்று வேறு மாலை கட்டினார். அந்த மாலை வேண்டாம், அவள் சூடியதுதான் வேண்டும் என்றான் பெருமாள். இன்றைக்கும் அவள் சூடிக் களைந்த மாலை திருப்பதி பிரம்மோற்சவத்துக்குப் போகிறது. கோதை அழகு பார்த்துக்கொண்டது தவறு என்று அவன் ஒருபோதும் சொல்லவில்லை. ஒளித்து வைக்காமல் சூடியபடியே தன்னிடம் வா என்றுதான் கேட்டான்.

கூட்டத்தில் எங்களைச் சுற்றிப் பெண்கள். மொட்டையடித்து இரண்டு மாதம் ஆகிக் குச்சிகுச்சியாக வெள்ளை முளைத்த தலை ஒன்று. மைபோல் கறுத்த தலைகள் பல. எண்ணெய் வழித்து வாரிய முழு வெள்ளைக் கொண்டைகள். சித்தியைப் போலச் செம்பட்டை ஓடிய தலைகளும் இருந்தன. அதில் ஒரு பாட்டி சித்தியின் தலையைத் தொட்டு, "எந்தக் கடைப் பொடிம்மா?" என்று கேட்டார். "கடையில வாங்கலை ஆச்சி, வீட்டுச் செடி" என்று சித்தி சத்தமாகவே பதில் சொன்னார். பத்துப் பேருக்குக் கேட்டிருக்கும்.

அடுத்த மாதம் சித்தி மகளுக்கு வளைகாப்பு. சம்பந்தி வீட்டிலிருந்து ஐம்பது பேர் வருகிறார்கள். "அவுரியும் போடுவீங்களா சித்தி?" என்று கேட்டேன்.

"அதை முந்தின நாள் பாத்துக்கலாம். இப்ப அந்த இரும்புச் சட்டியை எடுத்துட்டு வா" என்றார்.